கடலோர ஹாலோ பிளாக் சுவருக்குத் துரு தாங்கும் கம்பி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை, கடலூர், நாகை, இராமநாதபுரம், தூத்துக்குடி என்று உப்புக்காற்று வீசும் இடங்களில் ஹாலோ பிளாக் வைத்துக் கட்டுபவர்களுக்காக எழுதியது. வீட்டுச் சுவர், காம்பவுண்டுச் சுவர், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் மூன்றும் இதில் அடக்கம். கம்பியின் கனத்தையும் இடைவெளியையும் உங்கள் பொறியாளர் முடிவு செய்ய வேண்டும். எந்த வகைக் கம்பி, அதை எதற்குள் புதைப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

பிளாக் சுவரில் கம்பி எங்கெங்கே வருகிறது?

மூன்று இடங்களில். பிளாக்கின் துளைக்குள் செங்குத்தாக நிற்கும் கம்பி. பிளிந்த் (தரை மட்டம்), லிண்டல் (ஜன்னல், கதவின் தலை மட்டம்), கூரை மட்டங்களில் ஓடும் பெல்ட் கான்கிரீட்டில் இருக்கும் கம்பி. இரண்டு வரிசைகளுக்கு நடுவே கலவைக்குள் படுத்திருக்கும் மெல்லிய கம்பி. மூன்றும் ஒரே சுவரில் இருந்தாலும் துரு விஷயத்தில் மூன்றின் கதையும் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே கம்பி வாங்குவதில்தான் பணமும் வீணாகிறது, சுவரும் கெடுகிறது.

சிமெண்டுக்குள் இருக்கும் கம்பி ஏன் துருப்பிடிக்கிறது?

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கிக் காப்பாற்றுகிறது. அதை இரண்டு வழியில் இழக்கலாம். காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே போய்க் காரத்தைக் குறைப்பது ஒன்று. உப்பிலுள்ள குளோரைடு போய்ப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைப்பது இன்னொன்று. கடலோரத்தில் இரண்டும் சேர்ந்து நடக்கும்.

துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்குதலில்தான் சுவர் வெடிக்கிறது. பிளாக் சுவருக்குக் கூடுதல் சிக்கல் உண்டு: 1:6 கலவையும் (ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல்) பிளாக்கும் கான்கிரீட்டைவிடப் பல மடங்கு துளை உள்ளவை. கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் போவதைவிட வெகு வேகமாக இவற்றுக்குள் போய்விடும். அதனால் பிளாக்கின் ஓடு (துளையைச் சுற்றியுள்ள பக்கச் சுவர்), மேற்பூச்சு இரண்டையும் கம்பிக்குக் காப்பு என்று முழுதாகக் கணக்கில் எடுக்காதீர்கள். துளைக்குள் ஊற்றிய கான்கிரீட்தான் காப்பு.

கடலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் வரை கவலைப்பட வேண்டும்?

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 கிலோமீட்டர் கணக்கு சொல்லவில்லை. சூழலை வைத்துப் பிரிக்கிறது. உப்புக்காற்று படும் கடலோரப் பகுதி ‘கடுமை’, கடல் நீர்த் திவலை தெறிக்கும் இடம் ‘மிகக் கடுமை’. முதலாவதற்குக் குறைந்தது எம்30 கான்கிரீட்டும் (எம் எண் கூடினால் வலிமை கூடும்) 45 மி.மீ. கவரும் (கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் கனம்), இரண்டாவதற்கு எம்35, 50 மி.மீ. கவரும் வேண்டும். உப்புக்காற்று நேராகப் படாமல் மறைவாக இருக்கும் கடலோரச் சுவருக்கு எம்25, 30 மி.மீ. போதும்.

உங்கள் மனை எந்த ரகம் என்று அறிய அக்கம்பக்கத்தைப் பாருங்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் கிரில் பெயிண்ட் அடித்த இரண்டாம் ஆண்டே கொப்புளித்தால், ஏசி வெளி யூனிட்டின் திருகாணிகள் பழுப்பேறி இருந்தால், ‘கடுமை’ என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீர் உப்பாக இருந்தால் கடல் தெரியாத தூரத்திலும் அடிச்சுவருக்கு அதே கணக்குதான்.

கடையில் சிஆர்எஸ் என்று தரும் டிஎம்டி கம்பி போதுமா?

சிஆர்எஸ் என்பது ‘கொரோஷன் ரெசிஸ்டன்ட் ஸ்டீல்’ என்பதன் சுருக்கம். அது துருவைத் தாமதப்படுத்தும் கம்பி, துருப்பிடிக்காத கம்பி அல்ல. கம்பிக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1786 இதற்கு இடம் தருகிறது: குரோமியம், செம்பு, நிக்கல், மாலிப்டினம், பாஸ்பரஸ் ஆகியவற்றைத் தனியாகவோ சேர்த்தோ கலக்கலாம், கலந்தால் மொத்தம் 0.40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் மட்டுமே 10.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும். வித்தியாசம் புரியும்.

அதனால் சிஆர்எஸ் வேண்டாம் என்று அர்த்தமில்லை. சாதாரணக் கம்பியைவிட விலை சற்றுத்தான் கூடும்; வளைக்கலாம், வெட்டலாம், மேற்பூச்சு எதுவும் இல்லாததால் உரிந்துபோகும் பயமும் இல்லை. துளைக்குள்ளும் பெல்ட்டிலும் கவர் சரியாகக் கிடைக்கும் இடத்தில் கடலோர வீட்டுக்கு இதுவே நியாயமான தேர்வு. கவர் கிடைக்காத இடத்தில் இது காப்பாற்றாது. வாங்கும்போது தொழிற்சாலையின் சோதனைச் சான்றிதழைக் கேட்டு, மேலே சொன்ன தனிமங்களின் கூட்டுத்தொகையை நீங்களே போட்டுப் பாருங்கள். ‘சிஆர்எஸ்’ என்று கம்பியில் அச்சிட்டிருப்பது மட்டும் ஆதாரமாகாது. கிரேடில் எஃப்இ 500டி நல்லது. டி வகையில் கார்பனும் கந்தகமும் குறைவு, வளைவும் நன்றாகத் தாங்கும்.

பச்சை நிற எப்பாக்ஸி கம்பி?

பிளாக் சுவருக்கு எங்கள் ஓட்டு இதற்கில்லை. ஐ.எஸ். 13620 சொல்லும் பூச்சின் கனம் 0.1 முதல் 0.3 மி.மீ. வரைதான். கம்பியின் மேலாகப் பிளாக்கைக் கோத்து இறக்கும்போது துளையின் சொரசொரப்பான விளிம்பு அதைச் சுரண்டிவிடும். கிரவுட்டை, அதாவது துளைக்குள் ஊற்றும் இளகிய கான்கிரீட்டை, குத்தும் இரும்புத் தடி இன்னும் சுரண்டும். சுரண்டிய இடத்தில் துரு ஒரே புள்ளியில் குவிந்து ஆழமாகத் தின்னும். வெளியே தெரியவும் தெரியாது. அமெரிக்காவின் புளோரிடா கீஸ் தீவுகளில் எப்பாக்ஸி கம்பி போட்டுக் கட்டிய லாங் கீ பாலத்தின் தூண்களில் 1986-லேயே துரு தென்பட்டது. பாலம் திறந்து பத்தாண்டுகூட ஆகவில்லை.

பிடிப்பும் குறைவு. கவர் குறைவான இடங்களில் லேப் நீளத்தை (இரண்டு கம்பிகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து ஓடும் நீளம்) ஒன்றரை மடங்காக்க வேண்டும்: 600 மி.மீ. லேப் 900 ஆகும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பூசிய கட்டுக்கம்பி, வெட்டுமுனைக்கும் கீறலுக்கும் தொட்டுவைக்க அதே நிறுவனத்தின் எப்பாக்ஸி, நைலான் பட்டை போட்ட தூக்கு ஆகிய மூன்றும் சைட்டில் இருக்க வேண்டும். வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தால் பூச்சு வெளுத்து முறியும். தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

ஜி.ஐ. கம்பி பற்றி?

துத்தநாகம் பூசிய கம்பி இது. பிளாக் சுவருக்கு நன்றாகப் பொருந்துவது இதுதான். துத்தநாகம் இரும்போடு உலோகமாகவே ஒட்டியிருப்பதால் உரசலைத் தாங்கும். சிறு கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். காரம் போய்விட்ட கலவைக்குள்ளும் அது நிலைக்கும், பிளாக் சுவரில் வழக்கமாக வரும் தொல்லையோ காரம் போவதுதான். குளோரைடையும் சாதாரணக் கம்பியைவிடச் சுமார் இரண்டு மடங்கு வரை பொறுக்கும். அதற்கு மேல் போனால் ஜி.ஐ.யும் கரையும். திவலை தெறிக்கும் இடத்தில் இதை நம்ப வேண்டாம்.

‘ஜி.ஐ.’ என்ற பெயரில் விற்பதெல்லாம் ஒன்றல்ல. உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த கம்பியில் சதுர மீட்டருக்கு 600 கிராம் ஏறினால் கனம் சுமார் 85 மைக்ரான். மெல்லிய ஜி.ஐ. ஒயரில் பெரும்பாலும் 30 கிராம், அதாவது நான்கு மைக்ரான்தான் இருக்கும். அமெரிக்கச் சுவர்க் கட்டுமான விதிகள் இந்த 30 கிராம் ஒயரை உட்சுவருக்கு மட்டும் விடுகின்றன. வெளிச்சுவருக்கும், ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும் உட்சுவருக்கும் 458 கிராம் கேட்கின்றன. நம் கடற்கரையில் பெரும்பாலான நாட்கள் இரண்டாவது கணக்கில்தான் வரும்.

கம்பியை வளைத்து, வெட்டி முடித்த பிறகு துத்தநாகத்தில் முக்குவது சிறந்த முறை. முக்கிய பிறகு வளைத்தால் வளைவின் வெளிப்புறம் செதில் செதிலாக வெடிக்கும். அங்கேயும் வெட்டுமுனையிலும் துத்தநாகப் பெயிண்ட் இரண்டு கோட் அடிக்க வேண்டும். முக்கி எடுத்த கம்பிக்குக் குரோமேட் கழுவல் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதுச் சிமெண்டின் காரம் துத்தநாகத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழிகளைக் கிளப்பும், பிடிப்பு குறையும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வீட்டுக்கு ஆடம்பரம் இல்லையா?

முழு வீட்டுக்கும் போட்டால் ஆடம்பரம். கிலோ விலை பல மடங்கு. ஆனால் தாக்குப்பிடிப்பதில் இதற்கு நிகரில்லை. மெக்சிகோவின் ப்ரோக்ரெசோ துறைமுகத்தில் 1937-41-இல் கட்டிய நீண்ட கடல்பாலம் 304 ரக ஸ்டெயின்லெஸ் கம்பியால் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நல்ல நிலையில் இருந்தது. பக்கத்தில் சாதாரணக் கம்பியில் பின்னால் கட்டிய பாலம் உருக்குலைந்துபோனது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்திலும் ஸ்டெயின்லெஸ் கம்பிதான்.

இந்தியத் தரம் ஐ.எஸ். 16651. கடலோரத்துக்கு 316 அல்லது டியூப்ளெக்ஸ் 2205 கேளுங்கள். 304 சற்று மட்டு. கட்டுக்கம்பியும் ஸ்டெயின்லெஸ்ஸாகவே இருக்கட்டும். சாதாரண இரும்பு அறுத்த கட்டிங் டிஸ்க்கால் இதை அறுத்தால் இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு அங்கே துருக்கறை வரும். தனி டிஸ்க் வையுங்கள்.

கடைசியில் எந்தச் சுவருக்கு எது வாங்குவது?

முதலில் எடையைப் போடுங்கள். 10 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரக் காம்பவுண்டுச் சுவர், 8 அங்குல பிளாக், 800 மி.மீ.க்கு ஒரு 12 மி.மீ. கம்பி என்று வைத்துக்கொள்வோம். செங்குத்துக் கம்பி 14; அஸ்திவாரப் பிடிப்போடு ஒவ்வொன்றும் 2.7 மீட்டர், மீட்டருக்கு 0.888 கிலோ வீதம் சுமார் 34 கிலோ. அடியிலும் உச்சியிலும் பெல்ட், ஒவ்வொன்றிலும் இரண்டு 10 மி.மீ. கம்பி: சுமார் 25 கிலோ. ஆக 60 கிலோ. உங்கள் ஊரில் சாதாரணக் கம்பிக்கும் ஜி.ஐ.க்கும் உள்ள கிலோ வித்தியாசத்தை 60-ஆல் பெருக்கினால் வரும் தொகை, சுவரை இடித்துக் கட்டும் செலவின் பக்கத்தில்கூட வராது. வீட்டுக் கூரைக்கும் தூணுக்கும் போகும் டன் கணக்குக் கம்பியோடு சுவர்க் கம்பியைச் சேர்த்து யோசிப்பதால்தான் ‘கட்டுப்படியாகாது’ என்ற பேச்சு வருகிறது.

எங்கள் பரிந்துரை இது. வீட்டுச் சுவரின் துளைக் கம்பியும் பெல்ட்டும் சிஆர்எஸ் எஃப்இ 500டி. கவரையும் கிரவுட்டையும் விட்டுக்கொடுக்காமல். காம்பவுண்டுச் சுவரும் கைப்பிடிச் சுவரும் இரு பக்கமும் மழையும் உப்பும் வாங்குபவை, கூரை நிழல் இல்லாதவை. அவற்றுக்கு உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஜி.ஐ. கம்பி. வரிசைக் கலவைக்குள் படுக்கும் ஒயர் எங்கே வந்தாலும் 458 கிராம் ஜி.ஐ. அல்லது ஸ்டெயின்லெஸ், வேறு எதுவும் கூடாது. அலைத்திவலை தெறிக்கும் முதல் வரிசை மனையில் வெளிச்சுவர்க் கம்பி முழுதும் ஸ்டெயின்லெஸ்.

வரிசைக்கு நடுவே 6 மி.மீ. கம்பியைப் படுக்க வைக்கிறார்களே, சரியா?

தவறு. கடலோரச் சுவர்கள் கிடைமட்டமாகக் கோடு போட்டாற்போல் வெடிப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். கலவையின் கனம் 10 மி.மீ. அதில் 6 மி.மீ. கம்பி போனால் மேலே 2, கீழே 2 மி.மீ. மிச்சம். கொத்தனார் கம்பியைப் பிளாக் மேலேயே வைத்துக் கலவையை அதன் மேல் போடுவார். அப்போது கீழ்ப்பக்கம் கலவையே இல்லை. முனை சுவரின் வெளிமுகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

ஏணி வடிவில் பற்றவைத்த 3.5 அல்லது 4 மி.மீ. ஒயர் வாங்குங்கள். முதலில் கலவையைப் பரப்பி, அதற்குள் ஒயரை அழுத்தி, வெளிமுகத்திலிருந்து குறைந்தது 16 மி.மீ. உள்ளே இருக்கும்படி வையுங்கள். ஒயரின் விட்டம் கலவைக் கனத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கலவையும் 1:4-க்கு மெலிய வேண்டாம்.

துளைக்குள் கான்கிரீட் நிரப்புவதில் என்ன தவறு நடக்கிறது?

நிரம்பாமல் போவது. மேலே ஊற்றியது கீழே போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்க்க முடியாது. கம்பி பாதித் துளையில் காற்றில் தொங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கம்பியானாலும் இந்த வெற்றிடத்தில் அதற்கு ஆயுள் இல்லை.

8 அங்குல பிளாக்கின் உண்மையான அகலம் 190 மி.மீ. பக்கத்துக்கு 30 மி.மீ. ஓடு போனால் துளை 130. நடுவில் 12 மி.மீ. கம்பி நின்றால் இருபுறமும் 59 மி.மீ. கான்கிரீட் கிடைக்கும். 6 அங்குலத்தில் (அகலம் 140, ஓடு 25 மி.மீ.) இது சுமார் 39 மி.மீ. ஆகிவிடும், 4 அங்குலத்தில் (அகலம் 90, ஓடு 25 மி.மீ.) 14 மி.மீ.தான், அதில் கம்பி போடும் எண்ணத்தையே விடுங்கள். இந்த 59 மி.மீ.யும் கம்பி நடுவில் நின்றால்தான். ஓரம் சாய்ந்து பிளாக்கின் ஓட்டில் பட்டால் அந்தப் பக்கம் காப்பு பூஜ்யம்.

பிளாக் வாங்கும்போதே அடி திறந்த வகையாகப் பாருங்கள். நம் ஊர்களில் அடி மூடிய பிளாக்கும் விற்கிறது. அதை வைத்துக் கட்டினால் ஒவ்வொரு வரிசையிலும் துளை அடைபடும். அஸ்திவாரத்திலிருந்து வரும் கம்பி துளைக்கு நேராக இல்லாவிட்டால் அதைக் குழாய் மாட்டி வெடுக்கென்று மடக்குவது வழக்கம். 6-க்கு 1 சாய்வுக்கு மேல் வளைக்காதீர்கள். அதற்கும் எட்டாவிட்டால் சரியான இடத்தில் துளையிட்டு ரசாயன ஆங்கர் வைத்துப் புதுக் கம்பி நடுங்கள்.

கட்டும்போது துளைக்குள் பிதுங்கும் கலவையை அவ்வப்போது கரண்டியால் வழித்து எடுக்க வேண்டும். கம்பி வரும் துளையின் முதல் வரிசையில் ஒரு பக்கத்து ஓடு மட்டும் உடைத்துச் சன்னல் விடுங்கள். விழுந்த கலவையை அதன் வழியே வாரி எடுத்துவிட்டு, ஊற்றும் முன் பலகையால் மூடலாம். நான்கைந்து வரிசைக்கு ஒருமுறை ஊற்றுவது பாதுகாப்பு. முழு உயரத்தையும் ஒரே மூச்சில் ஊற்றினால் நடுவில் எங்காவது சிக்கி நிற்கும்.

கிரவுட்டில் 10 மி.மீ.க்குக் குறைந்த சிப்ஸ் ஜல்லி மட்டும். முக்கால் ஜல்லி சிக்கிக்கொள்ளும். ஸ்லம்ப் 200 மி.மீ.க்கு மேல், அதாவது தானாக ஓடும் பதம். அந்தப் பதத்தைத் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவரக் கூடாது. பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் ரசாயனம்) போட்டு, தண்ணீர்-சிமெண்ட் விகிதத்தை 0.45-இல் நிறுத்துங்கள். ஊற்றியதும் ஒரு தடியால் குத்துங்கள். பிளாக் தண்ணீரை உறிஞ்சியதால் பத்து நிமிடத்தில் கிரவுட் இறங்கி ஓட்டிலிருந்து விலகும். அப்போது மறுபடி குத்த வேண்டும். இந்த இரண்டாவது குத்தலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மேல் பிளாக்கின் விளிம்புக்கு 40 மி.மீ. கீழே நிறுத்தினால் அடுத்த ஊற்றல் கவ்விக்கொள்ளும்.

மேலே கணக்கிட்ட சுவருக்கு 14 துளையும் சேர்த்து 0.45 கன மீட்டர் கிரவுட், சுமார் மூன்றரை மூட்டை சிமெண்ட். உண்மையில் மூட்டை அதைவிடக் கணிசமாகக் குறைந்தால் எங்கோ துளை நிரம்பவில்லை என்று அர்த்தம். மூட்டைக் கணக்கு ஓர் எளிய ஒற்றன்; கையில் குறித்து வையுங்கள்.

எந்தச் சிமெண்ட், எந்தத் தண்ணீர்?

பிபிசி (சாம்பல் போன்ற பொசொலானா கலந்த சிமெண்ட்) அல்லது ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு கலந்த) சிமெண்ட் குளோரைடைத் தடுப்பதில் எதுவும் கலக்காத சாதாரண ஓபிசி சிமெண்டைவிட மேல், ஆனால் குறைந்தது பத்து நாள் தண்ணீர் விட வேண்டும். கடலோரம் என்றதும் சல்பேட் தாங்கும் எஸ்.ஆர்.சி. சிமெண்டை வாங்கச் சொல்வார்கள்; அது மண்ணிலுள்ள சல்பேட்டுக்கு. குளோரைடைப் பிடித்துவைக்கும் திறன் அதற்குக் குறைவு, கம்பிக்கு அது உதவாது.

கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடலோரப் போர் தண்ணீர் பல இடங்களில் தாண்டும். பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய்தான். கலவைக்கும் கிரவுட்டுக்கும் மட்டுமாவது லாரித் தண்ணீர் வாங்குங்கள். சுவரை நனைக்கவும் உப்புத் தண்ணீர் வேண்டாம். சீக்கிரம் இறுக வைக்கும் கலவைகளில் கால்சியம் குளோரைடு இருக்கிறதா என்று டப்பாவைப் படியுங்கள். கடல் மணல், கழிமுக மணல் எதுவும் ஆகாது.

ஜி.ஐ.யும் சாதாரணக் கம்பியும் கலந்து கட்டலாமா?

தொட்டுக்கொள்ளும்படி கூடாது. ஈரத்தில் இரண்டும் சேர்ந்து மின்கலம்போல வேலைசெய்யும். துத்தநாகம் தன்னோடு கட்டிய எல்லா இரும்பையும் காப்பாற்றப் போய் வேகமாகத் தீரும். ஜி.ஐ. கம்பியைச் சாதாரணக் கட்டுக்கம்பியால் கட்டுவதும் அதே தப்பு.

சைட்டில் கிடந்து துருப்பிடித்த கம்பியைப் போடலாமா?

துடைத்தால் கையில் பொடி ஒட்டும் செம்மண் நிறத் துரு கெடுதல் இல்லை. கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும். தட்டினால் செதில் உதிர்ந்தாலோ குழி தெரிந்தாலோ ஒரு மீட்டர் வெட்டித் தேய்த்து எடை போடுங்கள். 12 மி.மீ. கம்பி 0.888 கிலோவுக்கு 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் ஒதுக்குங்கள். கடற்கரையில் கிடந்த கம்பியில் உப்பும் படிந்திருக்கும். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகே கட்ட வேண்டும்.

கம்பிக்கு மேல் சைட்டிலேயே பூசும் பூச்சு உதவுமா?

காரைக்குடியிலுள்ள சிக்ரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய சிமெண்ட்-பாலிமர் பூச்சு நல்லது, எப்பாக்ஸிபோல உரியாது. ஆனால் துருவை முழுதும் நீக்கிச் சுத்தமான கம்பியில், சொன்ன கோட் கணக்கில் பூச வேண்டும். வெறும் சிமெண்ட் பாலைத் தடவி விடுவது அந்த வேலையைச் செய்யாது.

கட்டிய சுவரில் விரிசல் வந்துவிட்டது. என்ன செய்வது?

பெல்ட் உயரத்திலோ கம்பி நிற்கும் இடைவெளியிலோ ஒழுங்காக விரிசல் ஓடி, பழுப்புக் கறையும் தட்டினால் வெற்றுச் சத்தமும் இருந்தால் உள்ளே துருதான். மேலே பூசி மறைத்தால் ஓரிரு மழைக்காலத்தில் அதே இடத்துக்கு அருகிலேயே மறுபடி வெடிக்கும்; உப்பு ஏறிய பழைய கான்கிரீட் அங்கேயே இருக்கிறதல்லவா.

துரு முடியும் இடத்துக்கு அப்பால் பளபளக்கும் இரும்பு வரும்வரை உடையுங்கள். கம்பிக்குப் பின்னாலும் 20 மி.மீ. இடம் எடுக்க வேண்டும். சுத்தம் செய்தபின் விட்டத்தை வெர்னியரால் அளங்கள்: 12 மி.மீ. கம்பி 10.5 ஆகியிருந்தால் வெட்டுமுகத்தில் கிட்டத்தட்ட கால்பங்கு போய்விட்டது. அந்த நிலையில் பக்கத்தில் புதுக் கம்பி வைத்து இருபுறமும் நல்ல பகுதியில் 600 மி.மீ. லேப் கொடுத்து, சுருங்காத கிரவுட்டால் அடையுங்கள். காம்பவுண்டுச் சுவரில் இப்படி மூன்றில் ஒரு பங்குக் கம்பி கெட்டிருந்தால் ஒட்டுப்போடுவதை விட்டு இடித்துக் கட்டுவதே மலிவு. சாய்ந்து நிற்கும் சுவருக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்தவோ குழந்தைகள் விளையாடவோ விடாதீர்கள். புயல் மழை வருகிறதென்றால் அதற்கு முன்பே இறக்கிவிடுங்கள்.